விழுவதற்காக நடும் மரம்

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சியாட்டில் பக்கம் தன்னார்வலர்கள் சால்மன் மீனுக்காக ஓடைக்கரையில் மரம் நடுவதாகச் சொன்னீர்கள். மீன் இருப்பது தண்ணீரில், மரம் நிற்பது கரையில். இரண்டுக்கும் என்ன தொடர்பு?" இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே மகிழ்ச்சி.

நிழலைப் பற்றி முன்பே பேசியிருக்கிறேன்: மரநிழல் ஓடையைச் சூடேறாமல் காக்கும், தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 20 டிகிரி ஆனால் 9 தான். சால்மனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். கரை சரிந்தால் சேறு போய்க் கூழாங்கல் இடுக்கில் கிடக்கும் முட்டைகளை மூடிவிடும். இலையிலிருந்து விழும் பூச்சி குஞ்சுக்கு இரை. இவை எல்லோரும் சொல்வதுதான்.

நான் சொல்ல விரும்புவது வேறு. மரம் நிற்கும்போது செய்வதைவிட, விழுந்தபின் மீனுக்குச் செய்வது அதிகம் என்பேன். நான் முதன்முதலாக நடப் போன அன்று, பக்கத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், இந்த செடார் கன்று வெள்ளத்தில் விழாமல் தாங்குமா என்று கேட்டேன். என்றாவது இது ஓடைக்குள் விழ வேண்டும் என்றுதான் நடுகிறோம் என்றார். மண்வெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

குறுக்கே கிடக்கும் மரத்தில் தண்ணீர் மோதும். அடியில் மணலை அரித்து மடு பறிக்கும். வேகம் அடங்கிய இடத்தில் கூழாங்கல் தங்கும், அதில்தான் சால்மன் முட்டையிடும். கோஹோ என்ற சால்மன் வகையின் குஞ்சுகள் கடலுக்குப் போகுமுன் ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே வளர்கின்றன. குளிர்கால வெள்ளத்தில் அவை அடித்துச் செல்லப்படாமல் ஒதுங்குவது விழுந்த மரத்தின் வேர்முண்டுகளின் மறைவில்தான்.

இதை அறியாமல் ஒரு காலத்தில் வாஷிங்டன், ஓரிகன் மாநில ஓடைகளில் கிடந்த மரங்களை, கடலிலிருந்து முட்டையிடத் திரும்பும் மீன் ஏறுவதற்குத் தடை என்று நல்லெண்ணத்தோடு இழுத்து அகற்றினார்கள். 1980-களில்தான் எண்ணம் மாறியது. இன்று இயந்திரம் வைத்து மரங்களைத் திரும்ப ஓடைக்குள் போடுகிறார்கள். நட்ட செடார் பெரிதாகி விழும் வரை மீன் காத்திருக்க முடியாதே!

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் முக்கியம்: நட்ட பிறகு யார் பார்ப்பது? நடும் நாளில் கூட்டம் வருகிறது. அடுத்த கோடையில் களை பிடுங்க நாலு பேர்தான் மிஞ்சுகிறார்கள். இமாலயன் பிளாக்பெர்ரி என்ற வந்தேறி முட்புதர் ஒரே பருவத்தில் கன்றுகளை மூடிவிடும். மான் கடிக்கும், நீர்நாய் போல நீந்தும் பீவர் என்ற கொறிவிலங்கு தண்டையே அறுத்துப்போகும். அதனால் கன்றைச் சுற்றிக் கம்பிவலை கட்ட வேண்டும்.

வில்லோ என்ற ஓடைக்கரை மரத்துக்கு மட்டும் கன்றே வேண்டாம். நம் முருங்கைப் போத்து போலத்தான். இலை உதிர்ந்த காலத்தில் குச்சியை வெட்டி, கண் மேல்நோக்கி இருக்கும்படி, முக்கால் பாகம் ஈரமண்ணுக்குள் இறக்கிவிட்டால் போதும். பிப்ரவரியில் நான் தட்டி இறக்கிய குச்சிகளை ஜூலையில் போய்ப் பார்த்தேன். ஒன்றில் இடுப்பு உயரத்துக்குத் தளிர் வந்திருந்தது. அதன் நிழல் தண்ணீரில் ஒரு முழம் விழுந்திருந்தது.