முதல் பேஸில் நிற்கிறவரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இன்னும் சில நாளில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியும் நியூயார்க் யாங்கீஸ் அணியும் மறுபடி மோதப்போகின்றன, பாஸ்டனில், ஃபென்வே பார்க் மைதானத்தில். அதைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ரெட் சாக்ஸ் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் பேசுவதில் சாய்வு தெரிந்தால் யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

பேஸ்பால் பார்த்தே இராதவர்கள் நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பரவாயில்லை. கிரிக்கெட் தெரிந்தால் போதும், பாதி விஷயம் தானாகப் புரிந்துவிடும். பந்து எறிபவர் பிட்ச்சர், அடிப்பவர் பேட்டர், பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் கேட்ச்சர். அடித்துவிட்டு, தரையில் பதித்திருக்கும் பேஸ் என்ற சதுரத் திட்டுகளை முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது என்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். இன்றைக்கு இதற்கு மேல் வேண்டாம்.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவே காரில் நாலு மணி நேரம்தான். இந்தப் பகையின் கதையை எல்லோரும் பேப் ரூத்திலிருந்துதான் தொடங்குவார்கள். 1918-ல் ரெட் சாக்ஸ் கோப்பையை வென்றது. அடுத்த வருஷக் கடைசியில் அதன் முதலாளி ஹாரி ஃப்ரேஸி, அணியின் பெரிய ஆட்டக்காரரான ரூத்தை 1 லட்சம் டாலருக்கு யாங்கீஸிடம் விற்றுவிட்டார். அதுவரை ஒரு கோப்பைகூட வாங்கியிராத யாங்கீஸ் அதன் பிறகு வாங்கிக் குவித்தது. பாஸ்டன் 86 வருஷம் காத்திருந்தது. தாத்தா காத்திருந்து போனார், அப்பா காத்திருந்து போனார் என்று சொல்லும் குடும்பங்கள் அந்த ஊரில் உண்டு. இந்தக் கதையை இத்துடன் விடுகிறேன், எங்கே தேடினாலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர்களிடம் நான் எப்போதும் ஒன்றுதான் சொல்வேன், இன்றைக்கும் இரண்டு மூன்று தடவை சொல்லப்போகிறேன்: பந்தை மட்டும் பார்க்காதீர்கள், முதல் பேஸில் நிற்கிறவரைப் பாருங்கள். யாங்கீஸ் என்றதும் எல்லோரும் ஆரோன் ஜட்ஜ் எத்தனை ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு வெளியே அனுப்புவது) அடிப்பார் என்று கேட்கிறார்கள். அடிக்கட்டும். 2022-ல் ஒரே சீசனில் 62 அடித்தவர், அவரைத் தடுப்பது சுலபமில்லை. ஆனால் இந்த இரண்டு அணிகளும் மோதிய ஆட்டங்களில் என் நெஞ்சில் தங்கியவற்றை எடுத்துப் பார்த்தால், முதல் பேஸில் ஒருவர் கால் பரபரக்க நின்ற அந்தச் சில விநாடிகள்தான் முன்னால் வருகின்றன.

அதென்ன என்று கேட்பீர்கள். 2019-ல் ஜெய்ப்பூரில் நம்ம அஷ்வின் ஜாஸ் பட்லரை அவுட் செய்தது ஞாபகம் இருக்கும். பந்து போடுவதற்கு முன்னாலேயே பட்லர் கோட்டை விட்டு நகர்ந்தார், அஷ்வின் நின்று பெயில்ஸைத் தட்டினார், உலகமே அது சரியா தப்பா என்று சண்டை போட்டது. பேஸ்பாலில் அந்தச் சண்டையே கிடையாது. முதல் பேஸில் நிற்கும் ரன்னர் எல்லோர் கண் முன்னாலும் நாலு அடி, எட்டு அடி, பன்னிரண்டு அடி என்று நகர்ந்து நிற்பார். பிட்ச்சர் விருட்டென்று திரும்பி முதல் பேஸுக்கு எறிந்து அவரை அவுட் செய்யப் பார்ப்பார். அவரும் பாய்ந்து திரும்புவார். மறுபடி எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, மறுபடி நகர்வார். பிட்ச்சர் பேட்டருக்கு எறிந்தாரோ, அவ்வளவுதான், இரண்டாவது பேஸை நோக்கி ஓட்டம். இதற்குப் பெயர் ஸ்டீல். பேட்டர் அடிக்கவே வேண்டாம், ஓடிப் பிடித்தால் அந்த பேஸ் ரன்னருடையது.

தூரம் 90 அடி. ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு அடி நகர்ந்து நிற்பதால் நல்ல ஓட்டக்காரர் ஏறத்தாழ மூன்றரை விநாடியில் போய்ச் சேருவார். அந்தப் பக்கம் பார்த்தால், பிட்ச்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்ச்சர் கைக்கு வர ஒன்றேகால் விநாடிக்குக் கொஞ்சம் மேலே, கேட்ச்சர் எழுந்து எறிந்து அது இரண்டாவது பேஸுக்குப் போக இன்னும் இரண்டு விநாடி. கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். அரைக் கண் இமைப்பில் தீர்ப்பு.

சரி, இப்போது 2004 அக்டோபர் 17-க்குப் போவோம். இதைச் சொல்லாமல் என்னால் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

அமெரிக்கன் லீக் இறுதித் தொடர். ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயிக்க வேண்டும். யாங்கீஸ் முதல் மூன்றையும் ஜெயித்தாகிவிட்டது. அதுவும் மூன்றாவது ஆட்டத்தில் ஃபென்வேயிலேயே 19-8 என்று ரெட் சாக்ஸைத் துவைத்துப் போட்டுவிட்டார்கள். பேஸ்பால் வரலாற்றில் 3-0 என்று பின்தங்கிய எந்த அணியும் அதுவரை மீண்டு வந்ததில்லை. மறுநாள் நாலாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ் (இங்கே இன்னிங்ஸ் என்றால் இரண்டு அணியும் ஒரு தடவை அடித்து முடிக்கும் சுற்று), அதாவது கடைசி இன்னிங்ஸ், யாங்கீஸ் 4, ரெட் சாக்ஸ் 3. எறிய நிற்பவர் மரியானோ ரிவேரா. பனாமாக்காரர். ஆட்டத்தின் கடைசியில் வந்து கதவைச் சாத்துவதில் அவரைப் போல் ஒருவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எதிரணிக்காரனான நானே இதை மனதாரச் சொல்கிறேன். பிற்பாடு பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ்மன்றத்துக்கு ஒரு ஓட்டுகூட எதிராக விழாமல் தேர்வான முதல் ஆள் அவர்தான்.

கெவின் மில்லார் பேட் பிடிக்க வந்தார். ரிவேராவின் நாலு பந்து குறி தவறியது, மில்லாருக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைத்தது. மில்லார் வேகமாக ஓடுகிறவர் இல்லை. உடனே அவருக்குப் பதில் டேவ் ராபர்ட்ஸ் என்பவரை ஓட அனுப்பினார்கள். யார் இந்த ராபர்ட்ஸ்? ஜூலைக் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியிலிருந்து வந்து சேர்ந்தவர். பல நாளாகக் களத்தில் இறங்கவே இல்லை, குளிரில் வெளியே உட்கார்ந்திருந்தார். மேலாளர் டெர்ரி ஃபிராங்கோனா அவரைப் பார்த்துக் கண்ணடித்தார், அவ்வளவுதான் உத்தரவு. மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், இவர் ஓடத்தான் வந்திருக்கிறார் என்று. ரிவேராவுக்குத் தெரியும். கேட்ச்சர் ஹோர்ஹே பொசாடாவுக்குத் தெரியும்.

டாட்ஜர்ஸில் ராபர்ட்ஸுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் மோரி வில்ஸ், 1962-ல் ஒரே சீசனில் 104 பேஸ் ஸ்டீல் செய்தவர். என்றைக்காவது ஒருநாள் நீ ஓடப்போகிறாய் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போதே நீ ஓட வேண்டியிருக்கும், அப்போது பயப்படாதே என்று வில்ஸ் சொல்லிவைத்திருந்தாராம். இதை ராபர்ட்ஸே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

இப்போது கவனியுங்கள். ரிவேரா பேட்டருக்கு எறியவே இல்லை. முதல் பேஸுக்கு எறிந்தார். ராபர்ட்ஸ் திரும்பினார். மறுபடி எறிந்தார். பாய்ந்து திரும்பினார். மூன்றாவது தடவையும் எறிந்தார், ராபர்ட்ஸ் அப்போதும் தப்பினார். இந்த மூன்று எறிதலும் ராபர்ட்ஸுக்கு நல்லதாகப் போயிற்று. உட்கார்ந்து உட்கார்ந்து விறைத்திருந்த கால் சூடேறியது, பதற்றம் போயிற்று. இதையும் அவரே சொன்னதுதான். அப்புறம் ரிவேரா பில் மியூலருக்கு முதல் பந்தை எறிந்தார், ராபர்ட்ஸ் பாய்ந்தார். பொசாடாவின் எறிதலில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது பேஸில் டெரக் ஜீட்டர் பந்தை வாங்கித் தொடுவதற்குள் ராபர்ட்ஸின் கை பேஸில் இருந்தது. அடுத்து மியூலர் நடுவில் ஒரு அடி, பந்து ரிவேராவைத் தாண்டிப் போனது, ராபர்ட்ஸ் சுற்றி வந்துவிட்டார், 4-4. சமநிலை என்பதால் ஆட்டம் நீண்டது. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், 12-வது இன்னிங்ஸில் டேவிட் ஓர்ட்டிஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார்.

அதற்கு அடுத்த மூன்று ஆட்டத்தையும் ரெட் சாக்ஸ் ஜெயித்தது, ஏழாவது ஆட்டத்தை யாங்கீஸின் சொந்த மைதானத்திலேயே. பிறகு உலகத் தொடரும், அதாவது அந்தப் பெரிய கோப்பையும் கிடைத்தது, 86 வருஷம் முடிந்தது. 3-0 என்ற நிலையிலிருந்து மீண்டு வந்ததை இன்றுவரை வேறு எந்த பேஸ்பால் அணியும் செய்ததில்லை. ராபர்ட்ஸ் அந்த யாங்கீஸ் தொடர் முழுக்க ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை, பேட்டே பிடிக்கவில்லை. ஓடினார், அவ்வளவுதான். பாஸ்டனில் இன்றைக்கும் அவர் வந்தால் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு ரிவேரா செய்ததை இன்றைக்கு ஒரு பிட்ச்சர் செய்ய முடியாது. 2023-ல் விதியை மாற்றிவிட்டார்கள். ஒரு பேட்டர் நிற்கும் நேரத்தில் பிட்ச்சர் இரண்டு தடவைதான் ரன்னரைப் பிடிக்க எறியலாம். மூன்றாவது தடவை எறிந்து அவுட் ஆக்க முடியாமல் போனால் ‘பால்க்’ என்று அறிவித்து ரன்னரை அடுத்த பேஸுக்கு இலவசமாக அனுப்பிவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள்: இந்த விதி 2004-ல் இருந்திருந்தால் ராபர்ட்ஸ் ஓடியிருக்கவே வேண்டாம், மூன்றாவது எறிதலோடு நடந்தே இரண்டாவது பேஸுக்குப் போயிருப்பார்! பேஸின் அளவையும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள், அதனால் ஓடும் தூரமும் நாலரை அங்குலம் குறைந்தது. பிட்ச்சர் இத்தனை விநாடிக்குள் எறிய வேண்டும் என்று கடிகாரமும் வைத்தார்கள். பலன் உடனே தெரிந்தது. 2022-ல் எல்லா அணிகளும் சேர்ந்து 2,486 ஸ்டீல், 2023-ல் 3,503.

என் நண்பர்களில் சிலருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை, பழைய பதற்றம் போயிற்று என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு பிட்ச்சர் எத்தனை தடவை வேண்டுமானாலும் எறிந்து ரன்னரைக் களைப்படையச் செய்யலாம், நாமும் பார்த்துக் களைத்துப்போவோம். இப்போது இரண்டுதான். முதல் எறிதல் போனதும் இரண்டு பேரும் கணக்குப் போடுகிறார்கள். இரண்டாவதும் போய்விட்டதா, ரன்னர் இன்னொரு அடி கூட நகருவார், பாருங்கள், கட்டாயம் நகருவார். அந்த நேரத்தில் மைதானத்தின் சத்தமே மாறும். வீட்டில் பார்த்தாலும் அந்த மாற்றம் கேட்கும்.

2025 அக்டோபரிலும் இதேதான் நடந்தது, இந்தத் தடவை அடி எங்களுக்கு. மூன்று ஆட்டத் தொடர், நியூயார்க்கில். முதல் ஆட்டம் ரெட் சாக்ஸ், 3-1. இரண்டாவது ஆட்டம் 3-3 என்று நிற்கிறது, எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். ஜாஸ் சிஸம் என்ற யாங்கீஸ் ஆட்டக்காரருக்கு, அன்றைக்கு மில்லாருக்குப் போலவே, முதல் பேஸ் இலவசமாகக் கிடைத்தது. அடுத்து ஆஸ்டின் வெல்ஸ் வலது ஓரமாக அடித்தார். சாதாரணமாக இப்படிப்பட்ட அடிக்கு ரன்னர் மூன்றாவது பேஸில் நின்றுவிடுவார். சிஸம் நிற்கவே இல்லை. பந்து எறியப்பட்டபோதே புறப்பட்டவர், மூன்றாவதையும் சுற்றி, தலை முன்னால் பாய்ந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார், 4-3. அந்த ரன்னோடு தொடரே திரும்பிவிட்டது. ராபர்ட்ஸுக்காக இருபது வருஷத்துக்கு மேல் கை தட்டிக்கொண்டிருக்கும் நான் சிஸமுக்கும் தட்டத்தான் வேண்டும். நெஞ்சு வலித்தது, ஆனால் ஓட்டம் என்றால் அது ஓட்டம்.

மூன்றாவது ஆட்டத்தில் கேம் ஷ்லிட்லர் என்ற புதுப் பையன் 8 இன்னிங்ஸ் எறிந்து 12 பேரை அடிக்கவே விடாமல் அனுப்பினார், யாங்கீஸ் 4-0. அவர் வளர்ந்த ஊர் பாஸ்டனுக்குப் பக்கத்தில், வால்போல். ஃபென்வேயிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தப் பையன் மறுபடி ஃபென்வேயில் எறிய வந்தால் வரவேற்பு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வரப்போகிற ஆட்டத்தில் நான் பார்க்கப்போவது இதுதான். யாங்கீஸ் ரன்னர் முதல் பேஸில் நிற்கும்போது எங்கள் பிட்ச்சர் இடது கைக்காரரா, வலது கைக்காரரா? இடது கைக்காரர் எறிய நிற்கும்போதே முதல் பேஸைப் பார்த்தபடி நிற்பார், அதனால் அவரிடமிருந்து திருடுவது கஷ்டம். எங்கள் இடது கைக்காரர் கேரட் குரோஷே எறிந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. வலது கைக்காரர் என்றால் ரன்னர் முதுகுப் பக்கம் இருப்பார். அப்போது கேட்ச்சரின் கைதான் காப்பாற்ற வேண்டும். இன்னொன்று, இந்த இரண்டு அணிகளும் முன்பு ஒரு சீசனில் 18, 19 தடவை மோதின. 2023 முதல் 13 தடவைதான். இன்றைக்குத் தோற்றால் நாளன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானம் குறைந்துவிட்டது, அதனால் ஏழாவது எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன் வித்தியாசம் இருந்தால் மேலாளர்கள் ஓடத்தான் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஃபென்வேயின் பச்சைச் சுவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச எழுதி வைத்திருந்தேன். சுருக்கமாக: இடது பக்கம் 37 அடி உயரச் சுவர், வேறு மைதானத்தில் கேட்ச்சாகப் போகும் பந்து இங்கே சுவரில் மோதித் திரும்பும், 1978-ல் பக்கி டென்ட் அந்தச் சுவருக்கு மேலே அடித்து எங்கள் சீசனையே முடித்தார், அவர் பெயரைச் சொன்னால் பாஸ்டனில் இன்றும் முகம் சுளிப்பார்கள். மீதியை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். இந்த ஆட்டத்துக்கு என் கணிப்பு ரெட் சாக்ஸ் 5, யாங்கீஸ் 4, அந்த ஐந்தாவது ரன் ஒரு ஸ்டீலில் தொடங்கும். வணக்கம்.