பின் அச்சைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய பிரெஞ்சு ஹாட் ஹேட்ச் ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஹாட் ஹேட்ச் என்பது ஒன்றுமில்லை, வீட்டு உபயோகத்துக்கான சின்னக் காரில் அதன் உடம்புக்குச் சற்று அதிகமான எஞ்சினைப் பூட்டியது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும், சீட்டை மடக்கினால் சாமான் ஏற்றலாம், காலை அழுத்தினால் சீறிக்கொண்டு கிளம்பும். 1976-இல் வந்த ரெனோ 5 அல்பின், அப்புறம் ரெனோ 5 ஜிடி டர்போ, 1993-இன் கிளியோ வில்லியம்ஸ் என்று பிரெஞ்சுப் பக்கம் இந்த வகைக்குக் குறைவே இல்லை. என்னிடம் இருப்பது பெஜோ 205 ஜிடிஐ. எனவே பேச்சு அதைச் சுற்றித்தான் போகும். ஆனாலும் பெஜோ 106, 206, 306, சிட்ரோயன் சாக்ஸோ வைத்திருப்பவர்களும் கேட்கலாம். பின்பக்கத்து வியாதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

205 சாலைக்கு வந்தது 1983-இல். அடுத்த ஆண்டு ஜிடிஐ வந்தது. 1580 சிசி எஞ்சின், 105 குதிரைத்திறன். பிறகு அதே 1.6 எஞ்சினை 115 ஆக ஏற்றினார்கள், 1986 இறுதியில் 1905 சிசியில் 130 குதிரைத்திறன் கொண்ட அண்ணனும் வந்து சேர்ந்தது. இன்றைக்கு இந்த எண்களைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் எடையையும் சேர்த்துக் கேளுங்கள். 1.6 கிட்டத்தட்ட 850 கிலோதான். ஏர்பேக் கிடையாது, கதவைத் தட்டினால் தகரச் சத்தம் வரும், ஆரம்பகால வண்டிகளில் பவர் ஸ்டியரிங்கூட இல்லை. இன்று சின்னக் கார் என்று விற்பதில் பல, ஆளே ஏறாமல் ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடுகின்றன. 205-இன் சுகம் முழுக்க அந்த எடைக்குறைவில் இருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் விரலுக்குச் சாலையில் கிடக்கும் கல் தெரியும்.

இதே காரின் பெயரைத் தாங்கிய டர்போ 16, 1985, 1986 இரண்டு ஆண்டுகளிலும் உலக ராலி பட்டத்தை வென்றது. ஓட்டுநர் பட்டத்தை முதல் ஆண்டு டிமோ சலோனனும் அடுத்த ஆண்டு யூகா கன்குனனும் எடுத்தார்கள். ராலி விதிக்காக 200 வண்டி கட்டினார்கள், எஞ்சின் நடுவில், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. நம் ஜிடிஐக்கும் அதற்கும் முகஜாடை மட்டும்தான் சொந்தம். இருந்தாலும் அந்தப் புகழில் கொஞ்சம் இங்கேயும் ஒட்டிக்கொண்டது, விற்பனைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜிடிஐக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசிவிடும் என்பார்கள். உண்மைதான். காலை எடுத்ததும் எடை முன்னுக்குச் சாய்கிறது, பின் டயர்களின் மேல் இருந்த பாரம் குறைகிறது, ஏற்கெனவே லேசான பின்பக்கம் பிடியை விடுகிறது. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் 205 இதைச் சொல்லிவிட்டுத்தான் செய்யும். சொல்லாமல் செய்கிறது என்றால் பின் அச்சு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கெட்ட பெயரில் ஒரு பங்கு காரைச் சேர்ந்ததல்ல, பராமரிக்காமல் ஓட்டியவர்களைச் சேர்ந்தது என்பது என் கட்சி.

அந்தப் பின் அச்சைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். குறுக்கே ஒரு தடித்த குழாய். அதன் இரு முனையிலும் பின்னோக்கி நீளும் ஒரு கை, கையின் நுனியில் சக்கரம். சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. குழாய்க்கு முன்னும் பின்னும் இரண்டு முறுக்குக் கம்பிகள் படுக்கையாகக் கிடக்கின்றன. சக்கரம் ஏறி இறங்கும்போது கம்பி முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் குழாய்க்கு உள்ளேயே ஓடுகிறது. ஷாக் அப்சார்பர்கூட நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து படுத்திருக்கிறது. டிக்கியில் மேடு முட்டாமல் இடம் அகலமாக இருப்பதற்கு இதுதான் காரணம். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவையும் அடக்கியவர்களுக்கு ஒரு சலாம் போடலாம்.

தொல்லை எங்கே என்றால், கை ஆடுகிற இடத்தில். கையில் இறுக்கிச் செருகிய ஒரு தண்டு குழாய்க்குள் போய், நீடில் பேரிங், அதாவது ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங், மேல் உட்கார்ந்திருக்கிறது. வெளிவாயில் ஒரு சீல். சாதாரண பேரிங் முழுச் சுற்றுச் சுற்றும், கிரீஸ் எல்லாப் பக்கமும் பரவும். இது சில டிகிரிதான் முன்னும் பின்னும் அசைகிறது, ஒரே இடத்தில் ஒரே ஊசிகள் வருடக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்கின்றன. சீல் வயதாகி வாயைத் திறந்ததும் தண்ணீர் உள்ளே போகிறது. ஊசிகள் துருப்பிடித்து, தண்டில் கோடு கோடாகப் பள்ளம் வெட்டுகின்றன. தண்டு தேயத் தேயக் கை சாய்கிறது. சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளே வர, கீழ்விளிம்பு வெளியே போகிறது. பின்னால் தள்ளி நின்று பார்த்தால், பிறந்த கன்று பின்னங்காலை அகட்டிக்கொண்டு நிற்பது போல் வண்டி நிற்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், எஞ்சினைக் கிளப்பச் சொல்லாதீர்கள், முதலில் பின்னால் போய்க் குனிந்து உட்காருங்கள். இரண்டு சக்கரமும் நிமிர்ந்து நிற்கின்றனவா? டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருக்கிறதா? அப்புறம் டிக்கி விளிம்பில் கைவைத்து அழுத்தி விடுங்கள். கிறீச்சென்ற முனகல் கேட்டால் உள்ளே துரு என்று எடுத்துக்கொள்ளலாம். வண்டியை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மிச்சமும் தெரிந்துவிடும். ஆட்டம் இருந்தால் முதலில் சக்கர பேரிங்கா, கை பேரிங்கா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் ஆட்ட, இன்னொருவர், அச்சின் கையும் குழாயும் சேரும் இடத்தில் விரலை வைத்தால் போதும்.

சரி, தேய்ந்திருக்கிறது, என்ன செய்வது? அச்சை முழுதாகக் கீழே இறக்க வேண்டும். பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், மவுண்டிங் போல்ட் எல்லாம் கழற்ற வேண்டும். இவற்றில் பாதி துருவில் ஒட்டியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. பிறகுதான் முறுக்குக் கம்பிகள். அவற்றின் முனைகளில் பற்கள் வெட்டியிருக்கும், அந்தப் பற்கள் கையோடு இறுகிப் போயிருக்கும். நுனியில் மரையைத் திருகி ஸ்லைடு ஹாமரால், அதாவது கம்பியில் ஓடும் எடையால் தட்டி இழுக்கும் சுத்தியலால், அடித்து இழுத்தால்தான் வரும். அடிக்கும் முன் கம்பிக்கும் கைக்கும் ஒரே கோட்டில் சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் குறி போட்டுக்கொள்ளுங்கள். கம்பியின் இரு முனையிலும் பற்களின் எண்ணிக்கை வேறு வேறு. அதை வைத்துத்தான் வண்டியின் பின் உயரத்தை நுணுக்கமாக அமைக்கிறார்கள். பூட்டும்போது ஷாக் அப்சார்பருக்குப் பதில் குறித்த நீளத்தில் ஒரு கட்டையான கம்பியை மாட்டிக் கையை அந்த நிலையில் நிறுத்தி, பிறகு முறுக்குக் கம்பியைச் செருக வேண்டும். குறியும் இல்லாமல் அளவும் இல்லாமல் பூட்டினால் ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்த வண்டிதான் கிடைக்கும்.

தண்டு வெளியே வந்ததும் துடைத்துவிட்டு நகத்தை அதன்மேல் ஓட்டுங்கள். நகம் எங்கேயாவது மாட்டினால் அந்தத் தண்டு போய்விட்டது. பேரிங்கை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. புது ஊசிகள் பழைய பள்ளத்தில் உருண்டு சீக்கிரமே கெடும். தண்டு, பேரிங், சீல் மூன்றும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். குழாயில் பேரிங் உட்காரும் இடமே அரித்திருந்தால் குழாயும் வேறு. சிலர் கிரீஸ் நிப்பிள் ஒன்றை வைத்துவிடுகிறார்கள், தொழிற்சாலை செய்யாத வேலைதான், ஆனால் நான் அதற்கு ஆதரவு.

எஞ்சினுக்கு வருவோம். அலுமினிய பிளாக், உள்ளே தண்ணீர் சூழ நிற்கும் தனித்தனி லைனர்கள், அதாவது பிஸ்டன் ஓடும் உருளைகள். நல்ல எஞ்சின், ஒழுங்காக ஆயில் மாற்றினால் நீண்ட நாள் உழைக்கும். டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது, ஷெட்டில் சும்மா நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். இந்த எஞ்சினில் உண்மையிலேயே கவனம் வேண்டிய இடம் ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு, மாற்றும்போது. போல்ட்டெல்லாம் கழற்றியபின் ஹெட்டை நேராக மேலே தூக்கினால் கேஸ்கட்டோடு ஒட்டிக்கொண்டு லைனரும் அசைந்துவிடும். அடியில் இருக்கும் சீல் குலைந்து, குளிர்விக்கும் தண்ணீர் ஆயிலோடு கலக்கும். அதனால் போல்ட் துளையில் இரண்டு கம்பிகளைச் செருகி, ஹெட்டை முன்னும் பின்னும் லேசாக அசைத்து ஒட்டை விடுவித்துத்தான் தூக்க வேண்டும். தூக்கியவுடன் பெரிய வாஷரும் போல்ட்டும் போட்டு லைனர்களை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதுவரை யாரும் எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கக் கூடாது. கேஸ்கட் மாற்றுவதெல்லாம் ஒரே மாதிரி வேலைதானே என்று நினைக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடும் முன் இதை ஒரு தடவை பேசிவிடுங்கள்.

ஹெட் கேஸ்கட் போவதற்கு முன்கதை வழக்கமாக ரேடியேட்டர் ஃபேனில் இருக்கும். ஃபேனை ஓட்டும் வெப்ப ஸ்விட்ச் வயதாகி உயிரை விடும், நெரிசலில் நிற்கும்போது வெப்பம் காட்டும் முள் ஏறும், கவனிக்காவிட்டால் அலுமினிய ஹெட் வளையும். சின்ன ஸ்விட்ச் ஒன்று, விளைவு மேலே சொன்ன லைனர் விவகாரம். தண்ணீர் மாற்றினால் காற்று வெளியேற்றும் திருகுகளைத் திறந்து குமிழி அடங்கும் வரை பொறுமையாக இருங்கள்.

ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், ஏறி இறங்குகிறது என்பதுதான் இந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் பாடும் பாட்டு. பாஷ் எல்-ஜெட்ரானிக் வகை இன்ஜெக்‌ஷன், உள்ளே போகிற காற்றை ஒரு மடலால் அளந்து அதற்கேற்ப பெட்ரோல் விடுகிறது. மடலைத் தாண்டி எங்கே ஓட்டை இருந்தாலும் கணக்கில் வராத காற்று நுழைந்துவிடும். உடனே ஏர் மீட்டர் போச்சு, கம்ப்யூட்டர் போச்சு என்று விலையுயர்ந்த சாமானை மாற்றச் சொல்வார்கள். முதலில் வெடித்த ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். அப்புறம் ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பரையும் டிப் ஸ்டிக்கின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். ஆயில் அளக்கிற குச்சிக்கும் ஐடிலிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். எஞ்சின் அடிப்பகுதியின் ஆவிக்குழாய் காற்றுப் பாதையோடு சேர்ந்திருப்பதுதான் சம்பந்தம். புகை விட்டுச் சோதிக்கும் வசதி இருக்கும் கடையில் ஓட்டை சட்டென்று காட்டிக்கொடுக்கும். ஹோஸில் ஒன்றும் இல்லையென்றால் எர்த் வயர்களின் முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

கியர் லீவர் கூழில் விட்ட கரண்டியாக ஆடினால் கியர் பாக்ஸைத் திட்டாதீர்கள். லீவரிலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பிகளின் நுனியில் பிளாஸ்டிக் கிண்ணங்கள் இருக்கின்றன, அவைதான் தேய்ந்திருக்கும். அற்ப சாமான். மாற்றினால் காரே வேறாகிவிட்டது போல் தோன்றும். துருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதவுக்கு அடியில் ஓடும் சில் பகுதி, ஜாக் வைக்கும் இடங்கள், பேட்டரி தட்டின் அடி, இவற்றைக் குத்திப் பாருங்கள்.

205-க்கு 405 எம்ஐ16-இன் பதினாறு வால்வு எஞ்சினை மாற்றிப் பூட்டுவது ஒரு பெரிய மோகம். அதே 1905 சிசி, 160 குதிரைத்திறன். நன்றாகச் செய்தால் அருமையாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் புது எஞ்சினைப் பூட்டிக்கொண்டு பின்னால் முனகும் அச்சோடு வரும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு ஓட்டுநரைப் பற்றித்தான் கவலை வரும். இருக்கிற 105 குதிரைத்திறனை முழுதாகச் சாலையில் இறக்க வைப்பதற்கே நிறைய வேலை கிடக்கிறது. பெரிய ஸ்பீக்கர், கனமான சீட், அகலச் சக்கரம் எதுவும் இந்தக் காருக்கு நல்லது செய்வதில்லை. 1.9-க்குத் தொழிற்சாலை கொடுத்த டயர் 185/55, 15 அங்குலம். மிஷலின் அந்த அளவை மறுபடி தயாரித்துத் தருகிறது. அதையே போடுங்கள்.

பாகங்கள் கிடைக்குமா என்று எப்போதும் கேட்கிறார்கள். ஓடுகிற பாகங்கள் பெரும்பாலும் கிடைக்கும், ஏனென்றால் பெஜோவும் சிட்ரோயனும் ஒன்றுக்கொன்று பகிர்ந்து பல மாடல்களில் போட்டவை அவை. நிறுவனத்தின் பாரம்பரியப் பிரிவான லாவெந்தூர் பெஜோவும் சிலவற்றை மீண்டும் செய்து விற்கிறது. கஷ்டம் அலங்காரச் சாமான்களில் இருக்கிறது: சிவப்புக் கார்ப்பெட், கதவின் உள்துணி, பின் ஜன்னலை ஒட்டி ஜிடிஐ என்று பொறித்த பிளாஸ்டிக் துண்டு. இவை உடைந்தால் தேடி அலைய வேண்டியதுதான். ஆகவே இரண்டு வண்டி எதிரெதிரே நின்று ஒன்றில் எஞ்சின் சுமார், உள்ளலங்காரம் முழுசு, இன்னொன்றில் எஞ்சின் பளபளப்பு, உள்ளே கந்தல் என்றால், முதல் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்த பிறகு, அவ்வளவுதான்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.