ஆஸ்ட்ரசைஸ்: ஒரு பானை ஓடு உங்களை நாடு கடத்துமா?

ஓர் உடைந்த பானை ஓடு. அதில் கீறியிருப்பது உங்கள் பெயர். பத்து நாளில் ஊரைக் காலி செய்ய வேண்டும், பத்து வருடத்துக்குத் திரும்பக் கூடாது!

வணக்கம் நண்பர்களே. இன்றைய ஆங்கிலச் சொல் ஆஸ்ட்ரசைஸ் (ostracize). ஒருவரை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கிவைப்பது என்று பொருள்.

வரலாற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். கி.மு. 5ஆம் நூற்றாண்டு, கிரேக்க நகரமான ஏதென்ஸ். ஓர் ஆள் அளவுக்கு மீறி வளர்கிறார் என்று பயம் வந்தால் மக்களே பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறி வாக்களித்து வெளியேற்றுவார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. 6,000 ஓடுகளாவது விழுந்தால்தான் செல்லும். சொத்து மட்டும் பறிபோகாது.

ஏன் ஓடு? பப்பைரஸ் என்ற எழுதும் தாள் எகிப்திலிருந்து வர வேண்டும். உடைந்த பானை எந்த வீட்டில் இல்லை?

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். அந்த ஓட்டுக்குக் கிரேக்க மொழியில் ஆஸ்ட்ரகான் என்று பெயர். ஆஸ்ட்ரசைஸ் பிறந்தது அதிலிருந்துதான். ஆமை, நத்தை போன்றவற்றின் மேல் இருப்பதற்கும் அதே சொல்தான்! நாமும் ஆமை ஓடு என்கிறோம், நண்டு ஓடு என்கிறோம், பானை ஓடு என்கிறோம். இரண்டும் உறவில்லாத மொழிகள். ஆனாலும் உடைந்த பானையைப் பார்த்த கண் ஒன்றுதான். ஆய்ஸ்டர் என்ற சிப்பியின் பெயரும் இதே குடும்பம். அதனால் மனப்பாடமே வேண்டாம், 'ஓடு' என்று நினைத்தால் போதும், இந்தச் சொல் மறக்காது. தமிழ் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கும் வசதி இது!

[திரையில்: கிணறு, குவியலாக ஓடுகள்]

அப்புறம் இந்தக் கிணறு. ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஆய்வாளர்கள் இதைத் தோண்டியபோது சுமார் 190 ஓடுகள் மொத்தமாகக் கிடைத்தன. அத்தனையிலும் தெமிஸ்டோகிளிஸ் என்ற ஒரே பெயர். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்களைத் தோற்கடிக்கக் காரணமாக இருந்த ஏதென்ஸ் தலைவர் அவர். கையெழுத்தை ஒப்பிட்டால் 190 ஓட்டையும் எழுதியது வெறும் 14 பேர்! யாரோ உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிக் குவித்திருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு உதவ என்றும் சொல்லலாம். ஆனால் எல்லா ஓட்டிலும் ஒரே பெயர் என்றால், அது எதிரணியின் வேலை என்றே எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கமெண்டில் எழுதுங்கள்.

இந்தக் கிணற்று ஓடுகள் பயன்படாமலே போயிருக்கலாம். ஆனால் ஏதென்ஸ் அவரையும் ஒருநாள் ஓடு போட்டு வெளியேற்றியது. கடைசியில் அவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் பாரசீக மன்னர்.