ஒரு பிகோநொடிக்குள் ருத்தீனியத்தின் மேல் நடந்தது

[காட்சி: காரின் அடிப்பகுதி, புகைக்குழாய்]

எஞ்சின் விடுற புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. புகைக்குழாய்ல புகையைச் சுத்தப்படுத்துற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்ல இருக்கிற பிளாட்டினம், பல்லேடியம் மேல அது ஆக்சிஜனோட சேர்ந்து கார்பன் டை ஆக்சைடா மாறிடுது. உள்ள போறது தெரியும், வெளிய வர்றதும் தெரியும். நடுவுல என்ன நடக்குது?

பாதி கட்டின பிணைப்போட ஒரு மூலக்கூறு அங்க உருவாகுது. பாடத்துல 'கிளர்வுறு அணைவு'ன்னு படிச்சிருப்பீங்க. அதைப் பத்தின கோட்பாடு 1935லயே வந்தாச்சு. ஆனா உலோகப் பரப்பு மேல அதோட தடயத்தை அளக்க 2015 வரை ஆச்சு.

[காட்சி: ருத்தீனியம் அணு அடுக்கு, மேலிருந்து]

இடம், கலிஃபோர்னியாவின் ஸ்லாக் (SLAC) ஆய்வகம். விஞ்ஞானி ஆண்டர்ஸ் நீல்சன் குழு எடுத்துக்கிட்ட உலோகம் ருத்தீனியம். அது மேல கார்பன் மோனாக்சைடு நெட்டுக்குத்தா நிக்கும், கார்பன் கீழ, ஆக்சிஜன் மேல. தனி ஆக்சிஜன் அணுவோ, மூணு ருத்தீனியம் அணுக்களுக்கு நடுவுல பள்ளத்துல உறுதியா உக்காந்திருக்கும். வெற்றிடத்துல வெறுமனே சூடாக்கினா கார்பன் மோனாக்சைடு பறந்துடும், ஆக்சிஜன் அசையாது.

அதனால லேசர் துடிப்பு ஒண்ணு. அது உலோகத்தோட எலக்ட்ரான்களைச் சூடேத்தும். அந்தச் சூடு ஆக்சிஜனைப் பள்ளத்துலேருந்து கிளப்பிவிடும். எல்லாம் சில நூறு ஃபெம்டோநொடிக்குள்ள. நொடியைக் கோடி பங்காக்கி, அதுல ஒரு பங்கை மறுபடி பத்துக் கோடி பங்காக்கினா ஒரு ஃபெம்டோநொடி.

[காட்சி: எக்ஸ்-கதிர் துடிப்பு, நிறமாலை வரைபடம்]

பின்னாடியே எக்ஸ்-கதிர் லேசர் துடிப்பு வருது. ஆக்சிஜனோட உள்கூட்டு எலக்ட்ரான், அதாவது அணுக்கருவை ஒட்டி இருக்கிற எலக்ட்ரான், எந்த ஆற்றல்ல அதை உறிஞ்சுதுங்கிறது, அந்த அணு யாரோட எப்படிப் பிணைஞ்சிருக்குங்கிறதைப் பொறுத்து மாறும். நேரம் ஒரு பிகோநொடியை, அதாவது ஆயிரம் ஃபெம்டோநொடியை நெருங்கும்போது, நிறமாலையில, அதாவது எந்த ஆற்றல்ல எவ்வளவு உறிஞ்சுதுன்னு காட்டுற வரைபடத்துல, முன்னாடி இல்லாத சிக்னல் எழும்பிச்சு.

இதைப் போட்டோன்னு நினைச்சுடாதீங்க. கிடைச்சது ஒரு வளைகோடுதான். குவாண்டம் கணக்கீட்டோட ஒப்பிட்டுத்தான், கார்பனும் புது ஆக்சிஜனும் பிணையுற தூரத்தை நெருங்கிட்டதைக் கண்டுபிடிச்சாங்க. அளவீடும் கணக்கும் இப்படிக் கைகோத்ததுதான் இந்த வேலையோட அழகுன்னு எனக்குத் தோணுது.

ஒரு பிகோநொடி முடிஞ்சதும் கார்பன் மோனாக்சைடுல சுமார் 10 சதவீதம் அந்தக் கட்டத்துக்கு வந்திருந்தது. ஆனா அதுல கொஞ்சம்தான் கார்பன் டை ஆக்சைடா வெளியேறிச்சு. மிச்சமெல்லாம் கிட்ட வந்தும் சேராம, மறுபடி பிரிஞ்சு பழைய நிலைக்கே போயிடுச்சு.