மலைப் பாதையில் எங்கே நிறுத்துவது?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் பொள்ளாச்சிக்காரன். இருபத்தேழு வருடமாகச் சொந்த வேன் ஓட்டுகிறேன். கல்யாணம், காதுகுத்து, பழனி மொட்டை என்று எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். ஆனால் அதிகம் ஓடியது மலைக்குத்தான். குடும்பத்தோடு மலைக்குப் போவதற்கு எப்படித் திட்டம் போடுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சமையற்கட்டில் வேலையாக இருந்தாலும் சரி, தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாலும் சரி, கையில் பேனா எதுவும் வேண்டாம். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்: ஒரு நாளுக்கு நான்கு நிறுத்தம். அதற்கு மேல் எழுதாதீர்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? வண்டி பேச வருகிறவர்கள் முதலில் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். வால்பாறை என்றால் ஆழியாறு அணை, குரங்கு அருவி, பாலாஜி கோயில், கூழாங்கல் ஆறு, நல்லமுடி, சோலையாறு அணை, நீராறு அணை, நடுவில் டீத் தோட்டத்தில் போட்டோ. "காலைல போய்ட்டு ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் ஊடு வந்து சேந்துறோணும்ங்க" என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம் என்று நான் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். சமவெளியில் இது ஒன்றேகால் மணி நேரத்துத் தூரம். ஆனால் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். எங்கேயும் நிற்காமல் போனாலே மேலே சேர இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கவும் அதே அளவு. ஆக, ஐந்து மணி நேரம் ரோட்டுக்கே போயிற்று. மலைப் பாதையில் பகல் வெளிச்சத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் விரதம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம். ஐந்து போனால் ஏழு. காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு இரண்டுக்குமாக இரண்டு மணி நேரம். மிச்சம் ஐந்து. ஓர் இடத்தில் நிறுத்தினால் எல்லோரும் இறங்கி, கழிப்பிடம் தேடி, பார்த்து, படம் எடுத்து, டீ குடித்து, பிள்ளைகளை எண்ணி ஏற்றுவதற்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அப்புறம் எப்படி எட்டு இடம்? நான்குதான். ஐந்தாவது மணி நேரம் மூடுபனிக்கும் மழைக்கும், எதிரே நிற்கிற யானைக்கும் விட்டு வையுங்கள்.

முதல் நிறுத்தம் ஆழியாறு, அதுவும் சோதனைச் சாவடிக்கு முன்னாலேயே. வேடிக்கை பார்க்க அல்ல, தயார் ஆக. டயரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள். நம் ஆட்கள் நான்கு டயருக்கும் காற்று அடிப்பார்கள், ஐந்தாவதை மறந்துவிடுவார்கள். ஆள் ஆளுக்கு இரண்டு இட்லி, அவ்வளவுதான். வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிட்ட வயிறும் ஆகாது. வளைவில் குமட்டல் ஏன் வருகிறது தெரியுமா? காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு "திரும்புகிறோம், திரும்புகிறோம்" என்று சொல்கிறது. கண்ணோ கையில் இருக்கும் போனைப் பார்த்துக்கொண்டு "அசையவே இல்லை" என்கிறது. இரண்டு சாட்சியும் மாற்றிச் சொல்வதில் வயிறு புரட்டுகிறது. அதனால் பிள்ளைகள் கையிலிருந்து போனை வாங்கி வையுங்கள். வாந்தி வருகிறவரை முன் சீட்டில் உட்கார வைத்து, தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும்.

இரண்டாவது நிறுத்தம் ஒன்பதாவது வளைவு. லோம்ஸ் காட்சி முனை என்பார்கள். இந்தப் பாதையைப் போட்ட எஞ்சினியர் லோம் பெயரில் உள்ள இடம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் ஆழியாறு அணைத் தண்ணீர் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். அதற்கப்பால் தென்னந்தோப்பு, தோப்புக்கு மேல் காலை வெயில். அவசரப்படாமல் பாறைப் பக்கம் பார்த்தால் வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கு, நம் வண்டிக்குப் பத்தடியில். பிஸ்கட் நீட்டாதீர்கள். மனிதர் கையைப் பார்த்துப் பழகிய ஆடு ரோட்டுக்கு வரும், ரோட்டுக்கு வந்த ஆடு வண்டியில் அடிபடும். மேலே புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திக்கும் இதே கதிதான். சிங்கவால் குரங்கு என்று படித்திருப்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அவை ரோட்டில் இறங்காமல் மரத்துக்கு மரம் போகட்டும் என்று ரோட்டுக்கு மேலே குறுக்காகப் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஒருவர் பாலம் கட்ட, இன்னொருவர் கீழே நின்று வாழைப்பழம் காட்டினால் அது எங்கே போகும்?

இங்கே ஒரு பாட்டியம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பொங்கலூர்ப் பக்கத்துக் குடும்பம். மகன், மருமகள், பேரன் பேத்திகள், எண்பது வயதை நெருங்கிய அந்த அம்மா. அவர்கள் காகிதத்திலும் எட்டு இடம். ஆழியாற்றில் இட்லி சாப்பிடும்போது அந்த அம்மா மெதுவாக என் பக்கம் வந்தார். "ஏஞ்சாமி, நம்ம வாய்க்காத் தண்ணி எங்கிருந்து வருது? அந்த எடத்தக் காட்டுவியா?" என்றார். "இதோ இந்த அணைதானுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏனென்றால் அது உண்மை இல்லை. ஆழியாற்றுத் தண்ணீர் வேறு பக்கம் போகிறது. பொங்கலூருக்கு வருகிற பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்து வாய்க்கால் தண்ணீர் திருமூர்த்தி அணையிலிருந்து வருவது.

திருமூர்த்திக்கு அது எங்கிருந்து வருகிறது? அதுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. நீராறும் சோலையாறும் மலையின் மேற்குச் சரிவில் ஓடுபவை. விட்டால் அரபிக் கடலுக்குப் போய்விடும். அந்தத் தண்ணீரைச் சோலையாறு அணையில் நிறுத்தி, பரம்பிக்குளத்துக்குத் திருப்பி, தூணக்கடவு வழியாகச் சுரங்கத்தில் விட்டு, சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மலை இடுப்பைச் சுற்றி ஏறக்குறைய 50 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் நடத்திக் கூட்டி வருகிறார்கள். மேற்கே போக வேண்டிய தண்ணீரைக் கிழக்கே திருப்பிய வேலை அது. நம் கொங்குக் காட்டில் சோளமும் கம்பும் மட்டும் விளைந்த மேட்டாங்காடு தென்னந்தோப்பு ஆனது அதனால்தான். நான்கு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அந்த முறைக்காக நடுராத்திரியில் எழுந்து டார்ச் லைட்டோடு வாய்க்கால் மேட்டுக்குப் போனவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஆக, அந்த அம்மாவுக்குக் காட்ட வேண்டியது சோலையாறு. வால்பாறையிலிருந்து இன்னும் 20 கிலோமீட்டர் உள்ளே. நான் மகனிடம் சொன்னேன்: "அங்க போகோணும்னா காயிதத்துல அஞ்சு எடத்த அடிச்சரோணுமுங்க." பேரன்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. மகன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

போனோம். அணைக்கட்டு மேல் எங்களை விடவில்லை. கொஞ்சம் தள்ளி, நீர்த்தேக்கம் தெரிகிற மாதிரி ரோட்டோரமாக அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன். அந்த அம்மா இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நின்றார். அப்புறம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். மடியிலிருந்து வறுத்த கடலையை எடுத்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்றார். அரை மணி நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பேரன்கள்கூட அடங்கி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் கேட்டார், "இங்கிருந்து நம்மூருக்கு வர எத்தன நாளாகும் கண்ணு?" பேரன் போனை எடுத்துத் தேடினான். சிக்னல் இல்லை. என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை.

அந்தக் குடும்பம் இன்றைக்கும் எங்கே போனாலும் என் வண்டியில்தான் போகிறது. அடித்துவிட்ட ஐந்து இடங்களில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால்தான் சொல்கிறேன், நான்கு நிறுத்தம். அதிலும் ஒன்று வண்டியில் இருக்கிற பெரியவர் கேட்கிற இடமாக இருக்கட்டும். அவர்களாக வாய் திறக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது இறங்குவது. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்றைக்கும் சொல்வேன். எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். ஏறும்போது இரண்டாவது கியர் என்றால் இறங்கும்போதும் இரண்டாவதுதான். நான்காவதில் விட்டுவிட்டு வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடாகும், பிரேக் ஆயில் கொதிக்கும். அப்புறம் மிதித்தால் பஞ்சை மிதிப்பது போல் இருக்கும், வண்டி நிற்காது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள், எஞ்சினையே அணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐயா, எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் இறுகிவிடும். கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி வைத்திருப்பவர்கள் 'எல்' என்ற நிலையிலோ, கையால் கியர் போடுகிற வசதியிலோ வைத்து இறங்குங்கள்.

ஒரு சாயங்காலம் அட்டகட்டிக்குக் கீழே ஒரு கார் ஓரமாக நின்றது. முன் சக்கரத்தில் புகை. கருகிய நாற்றம். உள்ளே இரண்டு கைக்குழந்தைகள். ஓட்டிய பையன் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் பாட்டிலோடு ஓடி வந்தான். கையைப் பிடித்துத் தடுத்தேன். பழுக்கச் சூடாக இருக்கிற இரும்பில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். முக்கால் மணி நேரம் சும்மா நிற்க வைத்தோம், தானாக ஆறியது. அப்புறம் இரண்டாவது கியரில் போட்டு என் வண்டிக்குப் பின்னாலேயே வரச் சொன்னேன். ஆழியாறு வந்ததும் அந்தப் பையன் மனைவி என்னிடம் எதுவும் சொல்லவில்லை, குழந்தையைத் தூக்கி என் கையில் ஒரு நிமிடம் கொடுத்தாள். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஏறின கியரில் இறங்குங்கள்.

இன்னொன்று. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சாலை விதியே இதுதான். ஏற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்ப எடுப்பது கஷ்டம், பின்னால் உருளும். வளைவுக்கு முன்னால் ஒரு ஹாரன், பஸ் வந்தால் அது முழுதாகத் திரும்பும் வரை பொறுமை.

சரி, நடை. மலைக்குப் போய் வண்டியை விட்டு இறங்காமல் வருவது கோயிலுக்குப் போய்க் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது மாதிரி. நல்லமுடி பூஞ்சோலைக்கு டீத் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். மேகம் விலகினால் எதிரே ஆனைமுடிப் பக்கத்து மலைகள் சுவர் போல நிற்கும். 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் அது. காலை பத்து மணிக்குள் போங்கள், மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போனால் அட்டைப்பூச்சி காலில் ஏறும். பிடித்து இழுக்காதீர்கள், ஒரு சிட்டிகை உப்பு வைத்தால் தானாக விழும். கூழாங்கல் ஆற்றில் கணுக்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். பாறை வழுக்கும், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே போன உயிர்கள் கொஞ்சம் இல்லை.

ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப்பில் வனத்துறை ஆள் துணையோடு நடக்கலாம். துணையில்லாமல் காட்டுக்குள் கால் வைப்பது குற்றம். அங்கே ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. நடக்கும்போதெல்லாம் சட்டைப்பையில் தேக்கு விதை வைத்திருப்பாராம், கைத்தடியால் மண்ணில் குத்தி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவாராம். 1933ல் இறந்தார். அவர் வளர்த்த தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே படுத்திருக்கிறார். பிள்ளைகளை அங்கே ஒரு பத்து நிமிடம் நிற்க வையுங்கள்.

நேரம் குறைந்துவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். கொல்லிமலை பற்றிப் பாதி உரை வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 70 வளைவுகள், ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி. இறங்குவது சுலபம், ஏறி வருவதுதான் பாடு. முழங்கால் வலி இருக்கிறவர்கள் அரப்பளீஸ்வரர் கோயிலில் உட்கார்ந்து கொள்ளுங்கள். ஏறி வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடியுங்கள், மிளகும் வாங்கி வாருங்கள். சத்தியமங்கலம் மலையில் திம்பம் பக்கம் 27 வளைவு, அது புலிகள் காப்பகம், ராத்திரி வண்டிக்குத் தடை இருக்கிறது, நேரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உதகைக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். எந்த மலையானாலும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கொண்டு போகிற பிளாஸ்டிக் பை திரும்ப உங்கள் வண்டியிலேயே வரட்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வணக்கம்.