பதினொரு மணிச் சலிப்பு

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இன்றைக்குப் பின்னணி இசை எதுவும் இல்லை, நானும் கேமராவும் மட்டும்தான். ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்திவிட்டு இந்த வெயிலில் என்னால் பேச முடியாது.

பெரிய கஷ்டத்தில் இருப்பவர்களுக்காக இதைப் பேசவில்லை. வேலை இருக்கிறது, வீட்டில் சண்டை இல்லை, உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிலும் ருசி இல்லை என்கிறவர்களுக்காகப் பேசுகிறேன். ஆராதனையில் வாய் பாடிக்கொண்டிருக்கும், மனசு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும். காய்ச்சல், கடன் என்றால் ஜெபக் குறிப்பு கொடுக்கலாம். சலிப்பாக இருக்கிறது என்று எந்தப் போதகரிடம் போய்ச் சொல்வது?

இந்தச் சலிப்பை அணு அணுவாக எழுதி வைத்தவர் ஒருவர் நான்காம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறார். பெயர் எவாக்ரியஸ். கான்ஸ்டான்டிநோபிளில் நல்ல பேர் வாங்கிய டீக்கன். அங்கே கல்யாணமான ஒரு பெண்மேல் மனம் போனதால் ஊரை விட்டே கிளம்பி, எருசலேம் வழியாக எகிப்துப் பாலைவனத்துக்கு வந்து துறவியானார். 399-இல் இறக்கும்வரை அங்கேயேதான் இருந்தார்.

அவர் சொல்வதைக் கேளுங்கள். இந்தச் சலிப்பு ஒரு பேயாம். காலை பத்து மணி வாக்கில் அது துறவியைப் பிடிக்குமாம், இரண்டு மணி வரை விடாதாம். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது, ஒரு நாளைக்கு 50 மணி நேரமோ என்று தோன்றும். சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்ப்பார். யாராவது சகோதரர் வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார். அப்புறம் இருக்கிற அறை பிடிக்காது, செய்கிற கைவேலை பிடிக்காது. இங்கே யாருக்கும் அன்பே இல்லை என்று தோன்றும். கடைசியில் ஒரு யோசனை வரும்: கடவுளை எங்கே இருந்தும் தொழலாமே, வேறு இடத்துக்குப் போனால் என்ன? அந்த ஜன்னலுக்குப் பதில் ஃபோன் திரையை வைத்துப் பாருங்கள், நம் ஆபீஸ் காலைப்பொழுது அப்படியே வந்துவிடும்.

இந்தச் சலிப்புக்கு அந்தப் பாலைவனத் துறவிகள் அக்கேடியா என்று பெயர் வைத்தார்கள். நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் 91-ஆம் சங்கீதத்தில் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று வருகிறதே, அது இதுதான் என்று அந்தப் பாலைவனத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த "வேறு இடம்" யோசனையில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் சபை மாறுவது உபதேசத்துக்காக, எத்தனை பேர் மாறுவது சலிப்புக்காக? புது சபை, புது பாடல் குழு, புது தீர்க்கதரிசன வார்த்தை. மூன்று மாதம் நெஞ்சு நிறைந்திருக்கும், அப்புறம் அங்கேயும் ஒரு பதினொரு மணி வரும். எழுப்புதல் கூட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சலிப்புக்கு அது மருந்தில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, அந்தத் துறவிகள் என்ன செய்தார்கள்? எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி, வனத்து அந்தோணியார் என்றால் கத்தோலிக்க நண்பர்களுக்கு உடனே தெரியும் (பதுவை அந்தோணியார் வேறு). அவரையே இந்தச் சோர்வு பிடித்திருக்கிறது. ஆண்டவரே, நான் இரட்சிக்கப்பட விரும்புகிறேன், இந்த நினைவுகள் என்னை விடமாட்டேன் என்கிறதே என்று புலம்பிவிட்டு வெளியே வந்தால், அவரைப் போலவே ஒருவர் உட்கார்ந்து வேலை செய்கிறார். எழுந்து ஜெபிக்கிறார். மறுபடி உட்கார்ந்து கயிறு திரிக்கிறார், மறுபடி எழுந்து ஜெபிக்கிறார். அது தேவதூதன். இப்படியே செய், இரட்சிக்கப்படுவாய் என்கிறான். தரிசனம் கேட்டவருக்குக் கிடைத்தது ஒரு டைம்டேபிள்! எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

எவாக்ரியஸ் சொல்லும் இன்னொரு வழி விநோதமானது. உன் ஆத்துமாவை இரண்டாகப் பிரி, ஒரு பாதி ஆறுதல் சொல்லட்டும், மறு பாதி கேட்டுக்கொள்ளட்டும் என்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட வசனம் 42-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்கி, எனக்குள் தியங்குகிறாய்?" தாவீது தன்னிடமே பேசுகிறார் என்று அவர் அதை வாசித்தார். நான் ஆபீஸில் இதை வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

இதனால் என்ன தெளிவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். அடுத்து எந்த வேலைக்குப் போகலாம் என்கிற பதில் வராது. பதினொரு மணிக்கு "எல்லாவற்றையும் விட்டுப் போ" என்று கேட்கிற குரல் கர்த்தருடைய குரல் இல்லை என்பது புரியும். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரும் இதைத்தான் விதியாகவே எழுதினார்: மனம் வறண்டிருக்கும்போது எடுத்த முடிவை மாற்றாதே. இந்தச் சலிப்புப் பேயோடு போராடி முடித்தால் அதன் பின்னால் உடனே வேறொரு பேய் வராது, சமாதானமும் சொல்லமுடியாத சந்தோஷமும் வரும் என்று எவாக்ரியஸ் சொல்கிறார். அந்தச் சந்தோஷம் எனக்கு எப்போதாவதுதான் வருகிறது. சமாதானம் கொஞ்சம் அடிக்கடி வருகிறது.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால் அது நான் சொல்லும் சலிப்பு இல்லை. டாக்டரிடம் போங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே என்றபோது, வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார், அதற்கும் திட்டு விழவில்லை. ஓரேப் மலையும், அங்கே கர்த்தர் அவரோடு பேசிய மெல்லிய சத்தமும் அதற்கப்புறம்தான்.

நாளைக்குச் சலிப்பு வரும் நேரத்தில் அந்த 42-ஆம் சங்கீதத்தைத் திறங்கள். மொத்தம் 11 வசனம்தான், மெதுவாக வாசித்தாலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. வாசித்துவிட்டு, பாதியில் விட்ட வேலையை எடுத்துச் செய்யுங்கள். எனக்கும் எடிட்டிங் பாக்கி இருக்கிறது, வரட்டுமா?