விதையில்லாத மலை வாழைக்குக் குரோமோசோம் எப்படிப் போகுது?

பண்ணைக்காட்டிலேர்ந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "பையனோட பிளஸ் டூ புத்தகத்துல, குரோமோசோம் பாதியா குறைஞ்சு மறுபடி சேர்ந்துதான் அடுத்த தலைமுறை வரும்னு இருக்கு. விதையே இல்லாத மலை வாழையில அது எப்படி? கன்னு தாய் மாதிரியே வருது, சரி. முடிக்கொத்து நோயும் கன்னோடயே வருதே, அதுவும் பரம்பரைதானா?"

நல்ல கேள்விங்க. குரோமோசோம்ங்கிறது செல்லுக்குள்ள மரபுத் தகவலைச் சுமக்கிற இழை. முதல்ல அதோட எண்ணிக்கையைப் பாத்துருவோம். விதையுள்ள காட்டு வாழையில செல்லுக்கு 22 குரோமோசோம், 11 வகை, வகைக்கு ரெண்டு. நம்ம மலை வாழை ரகங்களான விருப்பாட்சி, சிறுமலை ரெண்டுக்கும் 33. வகைக்கு மூணு. ரெண்டு செட் மியூசா அக்யூமினேட்டாங்கிற காட்டு வாழை கொடுத்தது (ஏ), ஒரு செட் மியூசா பால்பிசியானாங்கிற காட்டு வாழை கொடுத்தது (பி). அதைத்தான் ஏஏபின்னு எழுதுறாங்க.

பக்கக்கன்னுங்கிறது கிழங்குல இருக்கிற மொட்டு. அங்க நடக்கிறது மைட்டாசிஸ், அதாவது எண்ணிக்கை மாறாம செல் ரெண்டாப் பிரியுறது. செல் பிரியுறதுக்கு முன்னாடியே 33-க்கும் நகல் எடுத்தாச்சு. ஒவ்வொரு குரோமோசோமும் ரெண்டு நகலா (குரோமாட்டிட்), சென்ட்ரோமியர்ங்கிற இடத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். எல்லாம் செல்லோட நடுவுல தனித்தனியா வந்து நிக்க, கதிர் இழை இழுத்ததும் ஒரு குரோமாட்டிட் இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். இங்க 33, அங்கயும் 33. யாரும் யாரோடயும் ஜோடி சேர வேண்டியதில்ல. அதனால செட்டு ரெண்டா மூணாங்கிற கவலையே மைட்டாசிஸுக்குக் கிடையாது.

சிக்கல் பூவுலதான். மகரந்தமும் முட்டையும் உருவாக மையோசிஸ், அதாவது குரோமோசோமைப் பாதியாக்குற பிரிவு நடக்கணும், அதுல ஒரே வகைக் குரோமோசோம் ஜோடி சேர்ந்தே ஆகணும். மூணு பிள்ளைங்களை ரெண்டு ரெண்டா நிக்கச் சொன்னா என்ன ஆகும்? சில வகையில மூணும் ஒண்ணா ஒட்டிக்கும், சிலதுல ரெண்டு சேர்ந்து ஒண்ணு தனியா நிக்கும். பிரியும்போது ஒரு பக்கம் 14, மறுபக்கம் 19னு கணக்கே தாறுமாறாப் போகும். அப்படி வந்த முட்டை பெரும்பாலும் தேறாது. விருப்பாட்சிப் பழத்தை நீளவாக்குல பிளந்து பாருங்க, நடுவுல பொடிப்பொடியா கறுப்புப் புள்ளி இருக்கும். விதையாகாம நின்னுபோன சூல்கள்தான் அது.

இதுல பலரும் குழம்புற இடம் ஒண்ணு. மூணு செட் இருக்கிறதால மட்டும் பழம் கிடைச்சிராது. நிறைய செடியில விதை பிடிக்கலைன்னா பிஞ்சே உதிர்ந்துரும். கருவுறாமலே காய் பருக்கிற குணம் வாழைக்குத் தனியா இருக்கு, அது அக்யூமினேட்டா வழியா வந்தது. ரெண்டும் சேர்ந்ததாலதான் நமக்கு விதையில்லாத பழம்.

நேர் எதிரா ஒண்ணு பாக்கணும்னா பாறைச் சரிவுல நிக்கிற, வாழைக்கு உறவான கல்வாழையைப் பாருங்க (தோட்டத்துப் பூச்செடியையும் அப்படிச் சொல்றாங்க, அதில்ல). அதுக்கு 18 குரோமோசோம். பக்கக்கன்னு விடாது, விதை மட்டும்தான் வழி. புத்தகத்துல இருக்கிற கணக்கு அதுக்கு அப்படியே பொருந்தும்: 9-ம் 9-ம் சேர்ந்து 18.

அப்ப கன்னு நூத்துக்கு நூறு தாய்தானா? ஏறக்குறைய. நகல் எடுக்கையில அபூர்வமா பிழை வரும். அது மொட்டுல வந்தா அந்தக் கன்னும் அதோட வாரிசும் மட்டும் மாறும். திசு வளர்ப்புல (ஆய்வகத்துல துண்டு திசுவிலேர்ந்து கன்னு உண்டாக்குறது) ஒரே திசுவை அளவுக்கு மீறித் திரும்பத் திரும்பப் பிரிச்சா இது கூடும். குட்டையா வர்றதுதான் அதிகம்.

முடிக்கொத்து இந்தக் கணக்குலயே வராது. அது வைரஸ், வாழை அசுவினிங்கிற சின்னப் பூச்சி பரப்புறது. குரோமோசோம்ல எதுவும் மாறல. ஆனா வைரஸ் கிழங்கு வரைக்கும் இறங்கிருது, அதனால அங்கேர்ந்து வர்ற கன்னு எல்லாத்துலயும் இருக்கும். பாக்க பரம்பரை மாதிரியே தெரியும். வித்தியாசம் கண்டுபிடிக்க இலைக்காம்பைத் திருப்பி வெளிச்சத்துல பாருங்க. கரும்பச்சையில விட்டுவிட்டு கோடும் புள்ளியுமா இருந்தா, புது இலை குறுகி விறைப்பா மேல நின்னா, முடிக்கொத்துதான். மரபுப் பிழை பக்கத்து வாழைக் கட்டைக்குத் தாவாது, இது தாவும்.

முடிக்கொத்து வந்த கட்டையிலேர்ந்து பாக்க நல்லா இருக்கிற கன்னைக்கூட எடுக்காதீங்க. முதல்ல அசுவினிக்கு மருந்து, மட்டை இடுக்கு, தூர், குருத்து எல்லாம் நனையுற மாதிரி. பூச்சி செத்த பிறகு கிழங்கோட தோண்டி, கண்ணு மிச்சமில்லாம நறுக்கிப் போடுங்க. மருந்தடிக்காம வெட்டிச் சாச்சீங்கன்னா, அசுவினி எல்லாம் வாடுற மரத்தை விட்டுட்டு அடுத்த கட்டைக்குப் போயிரும்.